வீட்டு லேப்டாப்பில் எந்த எக்செல்? முதலில் காலேஜ் லேப்பைப் பாருங்கள்

ஜூன் பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி இதற்காகத்தான் இருக்கும். "மேடம், பொண்ணுக்கு பி.காம். சி.ஏ. சீட் கிடைச்சிருக்கு. லேப்டாப் வாங்கிட்டோம். எந்த எக்செல் போடணும்?" திண்டுக்கல் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 2006-லிருந்து வணிகவியல் துறையின் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. எக்செல் 2003-இல் தொடங்கி எத்தனையோ பதிப்புகளை அந்த சிஸ்டங்களில் ஏற்றி இறக்கியாயிற்று. போன் செய்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: "பிள்ளை பிராக்டிகல் எழுதப் போற லேப்ல எது இருக்குன்னு கேட்டீங்களா?"

பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரர் "லேட்டஸ்ட் போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருப்பார், அதோடு விஷயம் முடிந்திருக்கும். லேட்டஸ்ட் போடுவதில் தப்பே இல்லை. ஆனால் வீட்டில் ஒன்று, பரீட்சை ஹாலில் ஒன்று என்று இருக்கும்போது இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் படித்தால் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். அப்படி ஒரு பிள்ளை மாட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

2022-இல் நடந்த ப்ராஜெக்ட் வைவா. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் ஊர்ப் பால் சொசைட்டிக்காக ஒரு கணக்கு ஷீட் செய்திருந்தாள். உறுப்பினர் எண்ணைத் தட்டினால் போதும், பெயர், ஊற்றிய லிட்டர், கொழுப்பு அளவு, பத்து நாள் பால் பணம் எல்லாம் எதிரே வந்து நிற்கும். அவள் அப்பாவும் அந்தச் சொசைட்டியில்தான் பால் ஊற்றுகிறார். மூன்று மாதம் உட்கார்ந்து செய்த வேலை. பென்டிரைவில் கொண்டுவந்து லேப் சிஸ்டத்தில் திறந்தாள், எல்லாம் அழகாகத் தெரிந்தது. எக்ஸ்டர்னலாக வந்தவர், "எங்க, 17-ஐ 23-ன்னு மாத்து பாப்போம்" என்றார். மாற்றினாள். பெயர் இருந்த கட்டத்தில் "#நேம்?" என்று வந்தது. பக்கத்துக் கட்டங்களிலும் அதே.

அவள் கண் கலங்கிவிட்டது. நான் போய் ஃபார்முலா பாரைப் பார்த்தேன். கொடுத்த எண்ணுக்குரிய விவரத்தைத் தேடித் தரும் புதிய செயல்பாடான எக்ஸ்லுக்அப் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு அடிக்கோடும் 'எக்ஸ்எல்எஃப்என்' என்ற எழுத்துகளும் ஒரு புள்ளியும் ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தச் செயல்பாடு எனக்குத் தெரியாது என்று பழைய எக்செல் சொல்லும் விதம் அது. அவள் வீட்டில் சந்தா கட்டி வாங்கும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் 365, லேப்பில் எக்செல் 2016. திறந்த உடனே பிழை காட்டாததற்குக் காரணம், வீட்டில் கடைசியாகக் கணக்கிட்ட விடை கோப்புக்குள் அப்படியே சேமிக்கப்பட்டிருந்ததுதான். ஒரு கட்டத்தைத் தொட்டு மறுபடி கணக்கிடச் சொல்லும் வரைக்கும் குட்டு வெளியே வராது. எக்ஸ்டர்னல் நல்ல மனிதர், பத்து நிமிடம் கொடுத்தார். இரண்டாம் செமஸ்டரில் படித்த, அதே தேடலைப் பழைய எக்செலிலும் செய்யும் விலுக்அப் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கை நடுங்க எழுதினாள், 23-ஆம் எண்காரர் பெயர் வந்தது. மார்க்கும் வந்தது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் அவளுக்கு நேர்ந்திருக்கவே கூடாது. அடுத்த வருடத்திலிருந்து முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

லேப்பில் இருப்பது எது என்று கண்டுபிடிக்கும் வழி

எக்செலைத் திறந்து, ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் என்பதைத் தட்டுங்கள். வலது பக்கம் 'ஆபீஸ் ப்ரொஃபஷனல் பிளஸ் 2016' என்பது போலப் பெயர் வரும். 2010-ஆக இருந்தால் அக்கவுண்ட் இருக்காது, ஃபைலுக்குள் ஹெல்ப் என்ற இடத்தில் பார்க்க வேண்டும். மேலே இடது மூலையில் ஃபைல் என்ற எழுத்துக்குப் பதிலாக வட்டமான ஒரு பொத்தான் இருந்தால் அது 2007.

இதில் ஒரு குழப்பம் உண்டு. 2016, 2019, 2021, 2024, மைக்ரோசாஃப்ட் 365 எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் பதிப்பு எண் 16 என்றே தொடங்கும். "மேடம், எங்க வீட்லயும் 16, லேப்லயும் 16, ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டுப் போன மாணவர்கள் உண்டு. எண்ணைப் பார்க்காதீர்கள், பெயரைப் பாருங்கள்.

அதைவிட எளிய சோதனை ஒன்று சொல்லித் தருகிறேன். காலியான ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு எக்ஸ், எல் என்று இரண்டு எழுத்து தட்டுங்கள். கீழே விரியும் பட்டியலில் எக்ஸ்லுக்அப் வந்தால், அது 2021 அல்லது அதற்குப் பிந்தையது, அல்லது 365. வரவில்லையா? டெக்ஸ்ட்ஜாயின் என்பதன் முதல் சில எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள். அது வந்தால் 2019. அதுவும் வரவில்லை என்றால் 2016 அல்லது அதற்கு முந்தையது. அரை நிமிட வேலை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்று சிஸ்டங்களில் செய்து பாருங்கள். அறுபது சிஸ்டம் உள்ள லேப்பில் முன்வரிசை ஒரு வருடம் வாங்கியது, பின்வரிசை வேறு வருடம் வாங்கியது என்று இருப்பது சாதாரணம். பிராக்டிகல் அன்று உங்கள் பதிவு எண்ணுக்கு எந்த சிஸ்டம் விழும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் இருப்பதிலேயே பழையதைக் கணக்கில் வையுங்கள். அப்புறம், செமஸ்டர் பிராக்டிகல் நடக்கும் லேப்பும் வாராவாரம் உட்காரும் லேப்பும் ஒன்றுதானா என்று லேப் அசிஸ்டென்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலபஸைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்

அடுத்தது பயிற்சிப் பட்டியல். ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்வார்களே, அதுதான். மதிப்பெண் பட்டியல், சம்பளப் பட்டியல், வட்டி, கடன் தவணை, சார்ட், வடிகட்டுவது, பிவட் டேபிள், கோல் சீக் என்று போகும் சாதாரண பி.காம்., பி.பி.ஏ. தாளுக்கு 2010 முதல் இன்று வரை எந்த எக்செலும் போதும். இதற்காகப் புதுப் பதிப்பு வாங்க வேண்டியதே இல்லை. ஒரு சல்லிக்காசு செலவு செய்யாதீர்கள்.

புள்ளியியல், எம்.பி.ஏ., பிசினஸ் அனலிடிக்ஸ் தாள்களில்தான் பதிப்பு முக்கியமாகிறது. அங்கே எது எப்போது வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஷீட்டில் 65,536 வரிசைதான் என்ற எல்லை 2003-உடன் போயிற்று. 2007-லிருந்து 10,48,576 வரிசை. ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனை வைத்துக் கூட்டும் சம்இஃப்ஸ், பிழையை மறைக்கும் இஃப்எரர் இரண்டும் 2007-இல் வந்தவை. ஸ்லைசரும் கட்டத்துக்குள் வரும் குட்டி வரைபடமும் 2010. ஒரு மாதிரியைப் பார்த்து மீதியைத் தானே நிரப்பும் ஃபிளாஷ் ஃபில் 2013. ஹிஸ்டோகிராம், பெட்டி வரைபடம், பாரெட்டோ ஆகியவை நேரடியாக இன்சர்ட் மெனுவில் கிடைப்பது 2016-லிருந்து. வெளித் தரவை எடுத்துச் சீர்செய்யும் பவர் குவெரியும் 2016-இல்தான் டேட்டா மெனுவுக்குள்ளேயே வந்தது. ஐஎஃப்எஸ், டெக்ஸ்ட்ஜாயின், மேக்ஸ்இஃப்ஸ் 2019. எக்ஸ்லுக்அப், ஃபில்டர், வரிசைப்படுத்தும் சோர்ட், யுனிக் செயல்பாடுகள் 2021. ஒரு சொற்றொடரைப் பிரிக்கும் டெக்ஸ்ட்ஸ்பிளிட், அட்டவணைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் விஸ்டாக் 2024. 365-இல் இவை எல்லாமே இருக்கும், மேலும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

2016 புத்தகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐஎஃப்எஸ் செயல்பாட்டை '2016-இல் உண்டு' என்று போட்டிருக்கும் நோட்ஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் சந்தா கட்டியவர்களின் 2016-இல் அது இருந்தது. மொத்தமாக ஒரே முறை விலை கொடுத்து வாங்கிய 2016-இல் இல்லை. கல்லூரி லேப்புகளில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

இனி, பதிப்பு மாறினால் விடையே மாறிவிடும் ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஃப்ரீக்வென்சி. நாற்பது மாணவர்களின் மதிப்பெண் பி2 முதல் பி41 வரை இருக்கிறது. டி2 முதல் டி5 வரை 20, 40, 60, 80 என்று பிரிவுகளின் மேல் எல்லைகள். எத்தனை பேர் எந்தப் பிரிவில் என்று இ நெடுவரிசையில் வர வேண்டும். எல்லைகள் நான்கு என்றால் விடை ஐந்து, 80-க்கு மேல் எடுத்தவர்களுக்கும் ஒரு கட்டம் வேண்டும் அல்லவா. 2021-இலோ 365-இலோ இ2-இல் ஃபார்முலாவை எழுதி என்டர் தட்டினால் ஐந்து விடையும் தானாகக் கீழே வழிந்து வந்துவிடும். அதே பழக்கத்தில் 2016-இல் என்டர் தட்டினால் முதல் விடை மட்டும் வரும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுப்பார்கள். இழுக்கும்போது வரம்புகளும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நகரும், ஒவ்வொரு கட்டமும் தனக்கு மேலே உள்ளவர்களையும் சேர்த்து எண்ணத் தொடங்கிவிடும். எண்கள் வரத்தான் செய்யும், பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். கூட்டிப் பார்த்தால் நாற்பது வராது.

பழைய முறை இதுதான்: முதலில் இ2 முதல் இ6 வரை ஐந்து கட்டத்தையும் தேர்வு செய்யுங்கள். ஃபார்முலாவை எழுதுங்கள். என்டரை மட்டும் தட்டாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள். ஃபார்முலாவின் இரு பக்கமும் நெளிவு அடைப்புக்குறி வந்து நிற்கும். இந்த முறை 365-இலும் வேலை செய்யும், எம்.எஸ். ஆபீஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லிப்ரே ஆபீஸிலும் வேலை செய்யும். அதனால் வீட்டில் எந்தப் பதிப்பு இருந்தாலும் இதையே பழகுங்கள். விடை வந்ததும் கீழே ஒரு கூட்டல் போட்டு 40 வருகிறதா என்று பார்ப்பதையும் சேர்த்துப் பழகுங்கள்.

இன்னொன்று, புள்ளியியல் தாள் உள்ள எல்லாருக்கும்: அனாலிசிஸ் டூல்பேக். ரெக்ரஷன், டி-டெஸ்ட், அனோவா எல்லாம் அதன் வழியாகத்தான் செய்யச் சொல்வார்கள். டேட்டா மெனுவின் வலது ஓரத்தில் டேட்டா அனாலிசிஸ் என்று இருக்கும். இல்லையென்றால் பதறாதீர்கள், மறைந்திருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், அடியில் உள்ள கோ பொத்தானைத் தட்டி, அனாலிசிஸ் டூல்பேக் எதிரே டிக் போட்டால் வந்துவிடும். சால்வரும் அங்கேயேதான் இருக்கிறது. விண்டோஸ் எக்செல் எல்லாப் பதிப்பிலும் இவை உண்டு. பிரவுசரில் திறக்கும் இலவச எக்செலில் டூல்பேக் இல்லை, மேக்ரோவும் ஓடாது. போன் எக்செலிலும் அதே கதைதான்.

வீட்டில் என்ன போடுவது

சரி, லேப்பில் இருப்பது தெரிந்துவிட்டது, சிலபஸ் கேட்பது தெரிந்துவிட்டது. இப்போது வீட்டு நிலவரத்துக்கு வருவோம்.

புது லேப்டாப் வாங்கியிருந்தால் பில்லை எடுத்துப் பாருங்கள். 'ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021' அல்லது 'ஆபீஸ் ஹோம் 2024' என்று எழுதியிருந்தால் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள், வேறு எதுவும் வாங்க வேண்டாம். அந்த மெஷின் இருக்கும் வரை அது உங்களுடையது. ஆனால் வாங்கிய வாரமே ஆக்டிவேட் செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் அந்தச் சலுகை காலாவதியாகும். ஆக்டிவேட் செய்யும்போது பிள்ளையின் மின்னஞ்சலைக் கொடுங்கள். கடையில் அவசரத்துக்கு அங்கே வேலை பார்க்கும் தம்பியின் மின்னஞ்சலைப் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டாம் வருடம் விண்டோஸை மறுபடி ஏற்றும்போது அந்தத் தம்பி எங்கே என்று தேடி அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். இன்னொரு விஷயம், இந்த ஹோம் வகைகளில் தரவுத்தள மென்பொருளான அக்சஸ் இருக்காது. உங்கள் எம்.எஸ். ஆபீஸ் தாளில் அக்சஸ் இருந்தால் அந்தப் பயிற்சிகளை லேப்பிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு எந்த ஆபீஸிலும் அக்சஸ் கிடையாது.

பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் கல்லூரி கொடுத்த மின்னஞ்சலைச் சோதித்துப் பாருங்கள். அந்த முகவரியில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குள் நுழைந்தால், பிரவுசர் எக்செல் மட்டும் தெரிகிறதா, இல்லை கணினியில் இன்ஸ்டால் செய்யும் பொத்தானும் தெரிகிறதா என்று கவனியுங்கள். அது கல்லூரி எடுத்திருக்கும் திட்டத்தைப் பொறுத்தது. இன்ஸ்டால் பொத்தான் இருந்தால் படிப்பு முடியும் வரை முழு எக்செலும் செலவில்லாமல் கிடைக்கிறது. ஒரே ஒரு கவலை, படிப்பு முடிந்தபின் கணக்கை மூடுவார்கள். கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், அண்ணன் படித்து முடித்துக் கொடுத்தது என்றால் லிப்ரே ஆபீஸ் போடுங்கள். முழுக்க இலவசம், திருட்டுத்தனம் எதுவும் இல்லை. தமிழக அரசு எல்காட் வழியாக முன்பு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது நினைவிருக்கும். அதில் பூட் செய்தால் எக்செல் ஓடாது, லிப்ரே ஆபீஸ் ஓடும். அதில் எக்செலின் இடத்தில் இருக்கும் கால்க்கைக் குறைத்து எடை போடாதீர்கள். விலுக்அப், சம்இஃப்ஸ், பிவட் டேபிள், கோல் சீக், சால்வர் எல்லாம் இருக்கின்றன. டேட்டா மெனுவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஒரு பகுதியே உண்டு. ரெக்ரஷன், அனோவா, டி-டெஸ்ட் அதற்குள். 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்து எக்ஸ்லுக்அப்பும் ஃபில்டரும்கூட வந்துவிட்டன. மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் அது பெரிய துணை. வினாத்தாளில் மெனுப் பெயர்கள் ஆங்கிலத்தில் வரும் என்பதால், கை பழகியதும் ஆங்கில மெனுவுக்கு மாறிக்கொள்ளச் சொல்வேன்.

கால்க்கில் பழகுபவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. வேறொரு ஷீட்டிலிருந்து எண்ணை எடுக்கும்போது எக்செல் ஷீட் பெயருக்குப் பின் ஆச்சரியக்குறி போடும், கால்க் புள்ளி போடும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க், ஃபார்முலா என்று போய் 'எக்செல் ஏ1' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயும் ஆச்சரியக்குறிதான். முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். இரண்டாவது, சேமிக்கும்போது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன்னுடைய ஓடிஎஸ் வகையில் சேமித்துவிடும். டூல்பேக் தரும் அட்டவணையும் கால்க் தரும் அட்டவணையும் அமைப்பில் வேறு. ரெக்கார்டு நோட்டில் ஒட்டும் பிரின்ட்டை லேப் எக்செலிலிருந்தே எடுங்கள்.

லேப் புதியது, வீடு பழையது என்ற தலைகீழ் நிலைமையும் உண்டு. லேப்பில் 365, வீட்டில் 2010 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வாங்க வேண்டியதில்லை. டூல்பேக், பிவட் பயிற்சிகளை 2010-இல் செய்யுங்கள். எக்ஸ்லுக்அப், ஃபில்டர் போன்ற புது விஷயங்களை இலவச மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று திறந்து பிரவுசர் எக்செலில் செய்யுங்கள், அதில் புதுச் செயல்பாடுகள் எல்லாம் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்தால் சிலபஸ் முழுவதும் அடங்கிவிடும்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளே எனக்கு அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது: கூகுள் ஷீட்ஸில் ஃபார்முலாவை எழுதிப் பழகு, மீதிக்கு மதிய இடைவேளையில் லேப்புக்கு வா. எங்கள் லேப்பை மதியம் பூட்டுவதில்லை. உங்கள் கல்லூரியில் பூட்டுகிறார்கள் என்றால் துறைத் தலைவரிடம் நாலு பேராகப் போய்க் கேளுங்கள், பெரும்பாலும் திறந்துவிடுவார்கள்.

ஐந்நூறு ரூபாய்க்கு 'ஃபுல் ஆபீஸ்' போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். ஆக்டிவேட்டர் என்று ஒன்றை ஓட்டுவார்கள், அதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். எதற்கு நிறுத்தச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட லேப்டாப்பிலிருந்து வந்த ஒரு பென்டிரைவால் எங்கள் லேப்பில் ஒரு வரிசை முழுக்க ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறின. இரண்டு நாள் லேப் நடக்கவில்லை. இலவசமாக லிப்ரே ஆபீஸ் இருக்கும்போது இந்த ஆபத்து யாருக்கும் தேவையில்லை.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ஆதரவுக் காலமும் தெரிந்திருக்கட்டும். 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. 2021-க்கு 2026 அக்டோபர் 13 வரை. 2024-க்கு 2029 அக்டோபர் 9 வரை. நின்றுவிட்டது என்றால் திறக்காது என்று அர்த்தம் இல்லை. ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் தெரியாதவர் அனுப்பும் எக்செல் கோப்புகளை அதில் திறக்காதீர்கள். இப்போது புதிதாகக் காசு கொடுத்து வாங்குபவர் 2016-ஐயோ 2019-ஐயோ வாங்க வேண்டாம்.

இரண்டு இடத்திலும் ஓடும்படி எழுதுவது

வீட்டில் புதியது இருக்கட்டும், எழுதுவது லேப்பில் ஓட வேண்டும். எக்ஸ்லுக்அப்புக்குப் பதில் இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்து எழுதப் பழகுங்கள், 2003-லிருந்து எல்லாவற்றிலும் ஓடும். விலுக்அப் எழுதினால் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் போட மறக்காதீர்கள். மறந்தால் பிழை என்று சொல்லாமலே பக்கத்து ஆளின் பெயரைக் கொண்டுவந்து நிறுத்திவிடும், அது இன்னும் மோசம். ஐஎஃப்எஸ்-க்குப் பதில் இஃப்-க்குள் இஃப். 2007-க்குப் பின் 64 அடுக்கு வரை போகலாம், கிரேடு போட ஆறு போதும். பெயரையும் இனிஷியலையும் சேர்க்க ஆம்பர்சண்ட் குறி. திட்ட விலக்கத்துக்கு பழைய எஸ்டிடெவ் என்ற பெயர் இன்றும் எல்லாப் பதிப்பிலும் ஓடுகிறது.

கோப்பை லேப்புக்குக் கொண்டுபோகும் முன் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், செக் கம்பாட்டிபிலிட்டி என்று ஒருமுறை ஓட்டுங்கள். 2016-இல் போட்ட பெட்டி வரைபடத்தை 2013-இல் திறந்தால் அந்த இடத்தில் வெறும் பெட்டியும் ஒரு அறிவிப்பும்தான் இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

பதிப்பின் மேல் பழி போடப்படும் இரண்டு விஷயம் உண்மையில் வேறிடத்துக் கோளாறு. லேப்பில் 12,34,567 என்று வந்தது வீட்டில் 1,234,567 என்று வருகிறதா? விண்டோஸின் ரீஜன் அமைப்பில் அமெரிக்கா இருக்கிறது, அதை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றுங்கள். தேதியும் அதோடு சரியாகும். அமெரிக்க அமைப்பில் 15/04/2025 என்று தட்டினால் அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். 03/04/2025 என்றால் இன்னும் வம்பு, மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு வலது ஓரத்தில் ஒழுங்காக நிற்கும்.

இன்னொன்று தமிழ். ப்ராஜெக்ட்டுக்காகக் கூகுள் ஃபார்மில் தமிழில் கேள்வி கேட்டு, பதில்களை சிஎஸ்வி கோப்பாக இறக்கி இரட்டைக் கிளிக்கில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் அலங்கோலமாக வரும். சிஎஸ்வி வேண்டாம், ஷீட்ஸில் திறந்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையாக இறக்குங்கள். எக்செலிலிருந்து தமிழை சிஎஸ்வியாகச் சேமிக்க வேண்டி வந்தால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அது 2019-லும் பிந்தையவற்றிலும் இருக்கிறது. சாதாரண சிஎஸ்வியில் போட்டால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், கோப்பை மூடியபின் திருப்பி எடுக்க வழியில்லை.

இதெல்லாம் முடிந்ததும் ஒரு மதியம் ஒதுக்குங்கள். வீட்டில் ஒரே கோப்பில் ஒரு தேடல் ஃபார்முலா, ஒரு ஃப்ரீக்வென்சி, ஒரு பிவட் டேபிள், ஒரு சார்ட், ஒரு தேதி வரிசை, லட்சத்தில் ஓர் எண், தமிழில் ஒரு பெயர் என்று போட்டு எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போங்கள். இருப்பதிலேயே பழைய சிஸ்டத்தில் திறங்கள். திறந்து பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். நீங்களே எண் தட்டிய ஒவ்வொரு கட்டத்தையும் மாற்றுங்கள், பிவட் டேபிளை ரிஃப்ரெஷ் செய்யுங்கள், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தி எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். எங்கே '#நேம்?' வருகிறதோ அந்தக் கட்டத்தின் முகவரியை நோட்டில் குறித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து பழைய முறையில் மாற்றி எழுதிச் சேமித்து, அந்தக் கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் அங்கேயும் ஒருமுறை திறந்து பாருங்கள்.